மாத்திரைதானே என்று இருந்துவிடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். வீட்டிலேயே சாப்பிடக் கேப்சிடபின் மாத்திரை தந்திருக்கிறார்கள். உள்ளே இருக்கும் தாள் முழுக்க ஆங்கிலம். எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, நாரணாபுரம்

பதில்: ஊசி வழியே ஏறும் கீமோதெரபியைப் போலவே இதுவும் வீரியமான மருந்துதான். வழக்கமாகக் காலையும் இரவும், சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் தண்ணீரோடு விழுங்க வேண்டும். பெரும்பாலும் 14 நாள் மருந்து, 7 நாள் ஓய்வு. அம்மாவுக்கு டாக்டர் எழுதிய கணக்கே இறுதியானது; அதைக் காலண்டரில் குறித்துவையுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. கர்ப்பிணிகள் அதைத் தொட வேண்டாம்.

உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து எரிந்து தோல் உரியலாம். அம்மா பட்டாசு வேலைக்குப் போகிறவர் என்றால், கையில் உராய்வு படும் வேலையை நிறுத்துவது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, வயிற்றுப்போக்கால் ஒரு நாளில் வழக்கத்தைவிட நான்கு முறை கூடுதலாக மலம் போனாலோ, வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாவிட்டாலோ அடுத்த மாத்திரைக்கு முன்பே மருத்துவமனையை அழையுங்கள். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், வலிப்புக்கு ஃபெனிடாய்ன், ஃபோலிக் அமிலம் உள்ள சத்து மாத்திரை ஆகியவற்றில் எதையாவது சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள்.

சந்தேகம் என்றால் அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம். மருத்துவமனைகளுக்கு ஒரு வேண்டுகோள்: மாத்திரை தரும்போதே இந்த விவரங்களைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு, வாசித்துக் காட்டிக் கொடுங்கள். அது சலுகை அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி.