சார்புப் பொதிகளைப் பேணும் முறை

தருமபுரி மாவட்டத்தின் ஊர்கள் பலவற்றில் கிணற்று நீர் பளிங்கு போல் தெளிந்தே தோன்றும். ஆயினும் அதன்கண் மிகுதியாய்க் கலந்த புளோரைடு பல்லைக் கறைப்படுத்தி எலும்பையும் கெடுக்கும். இத்தீங்கு தீர்க்கவே ஒகேனக்கலினின்று காவிரி நீர் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பானியர் கடனுதவியோடு நிறைவேறி, 2013-ஆம் ஆண்டில் தொடங்கிவைக்கப்பெற்றது. தெளிவு கண்டு மயங்காது ஊற்று யாதென வினவுதல் இம்மாவட்டத்தார் நன்கறிந்ததே. நிரல் எழுதப் பயிலும் மாணாக்கர்க்கும் அவ்வினா வேண்டுவதாகும்.

ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டாமலே படித்துப் பிழை சுட்டும் கருவிகளுள் ஈஎஸ்லின்ட் என்பது, 2013-இல் நிக்கோலஸ் சக்காஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. இஃது எல்லாத் தொழிலையும் தானே செய்வதன்று. நிரலைப் பகுத்து இலக்கண மரமாக்குதல் எஸ்பிரீ என்னும் பொதியின் வேலை. ஒரு பெயர் எவ்வெல்லைக்குள் வழங்கும் என அறிதல் ஈஎஸ்லின்ட்-ஸ்கோப் என்பதன் வேலை. இவை என்.பி.எம். என்னும் பொதுக் களஞ்சியத்தினின்று வருவன.

வேண்டும் பொதியின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஒரு கோப்பிற் குறித்தல் வழக்கம். 3.7.1 என்பதன் முன் கூரை போன்ற குறியிடின், 4-ஐ எட்டாத பிற்பதிப்பு எதுவும் ஏற்கப்படும். திருத்தங்கள் தாமே வந்து சேர்தல் இதன் பயன். அவ்வாயில் வழியே நஞ்சும் புகுந்தது. 2018 ஜூலை 12-ஆம் நாள், பராமரிப்பாளர் ஒருவரின் கணக்கைக் கைப்பற்றிய கள்வன், ஈஎஸ்லின்ட்-ஸ்கோப் 3.7.2 என்னும் போலிப் பதிப்பை வெளியிட்டான். அப்பராமரிப்பாளர் ஒரே கடவுச்சொல்லைப் பல தளங்களில் வழங்கியிருந்தார். இரண்டாம் சான்று கேட்கும் காவலும் இட்டிலர். நிறுவப்பட்டவுடனே அப்பதிப்பு பயனரின் என்.பி.எம். நுழைவுச் சீட்டைக் கவர்ந்து அனுப்பியது. சில மணி நேரத்தில் அது நீக்கப்பட்டது. அதுவரை வழங்கிய சீட்டுகள் யாவும் செல்லாவாயின. பிறர் பிழை காணும் கருவியே கள்வர்க்கு வாயிலாயிற்று!

இதற்குக் காவல் பூட்டுக் கோப்பு. நிறுவிய ஒவ்வொரு பொதியின் பதிப்பையும், அதன் உள்ளடக்கத்தினின்று கணித்த முத்திரையையும் அது பதிந்து வைக்கும். 3.7.1 எனப் பூட்டி, பூட்டியவாறே நிறுவியவரிடம் 3.7.2 புகவில்லை. எனினும் மாணாக்கர் இடறும் இடம் ஒன்றுண்டு. நாம் ஒரு பொதியை வெளியிடின், நம் பூட்டுக் கோப்பு அதனுடன் செல்லாது. நாம் குறித்த பதிப்பு எல்லையே பயனரைக் கட்டும். ஆகலின் வெளியிடுவோர் சார்புகளைச் சிலவாக்கல் நன்று. ஈஎஸ்லின்டுக்குச் செருகுநிரல் எழுதுவோர் அதனைத் தம் சொந்தச் சார்பாக இடாது, பயனரிடம் உள்ளதையே துணைக்கொள்ளும் உடனிணைச் சார்பாகக் குறித்தல் வேண்டும். இன்றேல் இரு பதிப்புகள் ஒருங்கே குடிபுகக் கூடும்.

பூட்டியதை என்றும் திறவாதிருத்தலும் தவறே. திருத்தமும் வாராது நின்றுவிடும். காலந்தோறும் புதுப்பித்து, பூட்டுக் கோப்பில் மாறிய வரிகளைப் படித்தபின் ஏற்க. சார்பு மரம் முழுதையும் காட்டும் கட்டளையும் என்.பி.எம்.-இல் உண்டு. இரண்டொரு பொதியே கேட்டவர், பற்பல பொதிகள் வந்திருத்தலை அங்குக் காண்பர்.