டெவலப்பர் புட்டி கற்றுத்தரும் வேதியியல்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளி மாணவர்களை மாமல்லபுரம் அழைத்துச் சென்றோம். பழைய ஃபிலிம் கேமராவில் கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதங்கள் என 36 படங்களை மாணவர்களே எடுத்தார்கள். கோடை விடுமுறைக்கு முன் கலக்கி, பாதிப் புட்டியில் மீந்திருந்த டெவலப்பரில் அந்தச் சுருளைக் கழுவினேன். ஹைப்போவிலிருந்து எடுத்தபோது சுருள் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. ஓரத்து எண்கள்கூட இல்லை. எண்கள் தெரிந்து படங்கள் மட்டும் விழாதிருந்தால் கேமராவைச் சந்தேகிக்கலாம். எண்களும் இல்லாததால் குறை டெவலப்பரில்தான் என்று புரிந்தது.

என்ன நடந்தது?

சில்வர் புரோமைடு ஒளியில் சிதைவதை வகுப்பில் கற்பிக்கிறோம். சுருளில் ஒளிபட்ட படிகங்களை டெவலப்பர் உலோக வெள்ளியாக ஒடுக்குகிறது. தான் ஆக்சிஜனேற்றம் அடைகிறது. புட்டிக்குள் இருக்கும் காற்றும் டெவலப்பரை அவ்வாறே ஆக்சிஜனேற்றம் செய்து வீணாக்கிவிடும். புகழ்பெற்ற டி-76 கரைசலில் லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம்; சோடியம் சல்பைட்டோ 100 கிராம். டெவலப்பரைக் காற்றிலிருந்து காப்பது அந்தச் சல்பைட்டின் முக்கிய வேலைகளுள் ஒன்று.

எதைத் தேர்ந்தெடுப்பது?

எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவுவோம் என்பதே முதல் கேள்வி. மாதம் சில சுருள்கள் என்றால் டி-76 போன்ற பொடி சிக்கனம். ஆண்டுக்கு இரண்டு மூன்று என்றால் ரோடினால் போன்ற அடர்கரைசல் ஏற்றது. தேவையான அளவை மட்டும் நீரில் கலந்து, ஒருமுறை பயன்படுத்தியதும் விட்டுவிடலாம்.

நம் ஊர் வெப்பம்

உதகையில் 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் சுருள்களைத் தயாரித்தது. குளிர்மலையில் உருவான அந்தச் சுருளைச் செங்கல்பட்டில் கழுவும்போது கவனம் தேவை. டெவலப்பருக்கு வழக்கமான வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸ்; நம் குழாய்நீரோ கோடையில் 30ஐத் தொடும். பனிக்கட்டி இட்ட வாளிநீரில் புட்டியை நிறுத்திக் குளிரவைக்கலாம். 24 டிகிரியில் கழுவினால் 8 நிமிடம் ஏறக்குறைய ஐந்தரை நிமிடமாகக் குறையும்.

சேமிக்கும் முறை

● ஒரு லிட்டரை நான்கு 250 மி.லி. புட்டிகளில் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடவும். நிரம்பிய புட்டியில் டி-76 சுமார் 6 மாதம் தாங்கும். பாதிப் புட்டியில் சுமார் 2 மாதமே.
● அடர்நிறக் கண்ணாடிப் புட்டி நல்லது. குளிர்பான புட்டி வேண்டவே வேண்டாம். குழந்தைகள் குடித்துவிடும் ஆபத்து உண்டு.
● பெயர், கலக்கிய தேதி ஒட்டி, பூட்டிய அலமாரியில் வைக்கவும்.
● மெட்டால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை தரும், கையுறை அவசியம்.

வகுப்பறைச் செயல்பாடு

நிரம்பியது, பாதி நிரம்பியது, திறந்தது என மூன்று புட்டிகளை வைத்து, வாரந்தோறும் நிறமாற்றத்தை மாணவர்கள் குறித்துவரட்டும். பிறகு வெளிச்சம்பட்ட சுருள்துண்டு ஒன்றை ஒவ்வொன்றிலும் சில நிமிடம் இட்டுப் பார்க்கட்டும். நல்ல டெவலப்பரில் துண்டு கறுத்துவிடும். இந்தச் சோதனையை அன்று நான் செய்திருந்தால் 36 படங்களும் பிழைத்திருக்கும். இப்போது எங்கள் பள்ளியில் இதைச் செய்யாமல் எந்தச் சுருளையும் கழுவுவதில்லை.