பிளஸ் டூ இயற்பியல்: விடை ஒப்பிடுவதற்கும் ஒரு முறை உண்டு

இயற்பியல் தேர்வு முடிந்த மதியங்களில் கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் பலமுறை பார்த்திருக்கிறேன். திருப்பாதிரிப்புலியூரில் சிரித்துக்கொண்டே ஏறுகிற பிள்ளைகள், புதுச்சத்திரம் வருவதற்குள் வாடிப்போய்விடுவார்கள். பக்கத்தில் இருப்பவன் சொன்ன விடை வேறாக இருந்திருக்கும், அவ்வளவுதான். ஒப்பிடவே கூடாது என்றால் யாரும் கேட்கப்போவதில்லை. ஒப்பிடுங்கள், ஆனால் முறையாக ஒப்பிடுங்கள்.

1. முதல் பத்து நிமிடம் தனியாக உட்காருங்கள். தேர்வறையில் வினாத்தாளில் எதையும் குறிக்கக் கூடாது என்பதால் உங்கள் விடைகள் நினைவில் மட்டும்தான் இருக்கும். நண்பன் விடையைக் கேட்டுவிட்டால் "நானும் அதைத்தான் எழுதினேன்" என்று மனசு மாற்றிச் சொல்லும். எனவே 15 ஒரு மதிப்பெண் வினாக்களுக்கும் நீங்கள் எழுதியதை வினாத்தாளில் பென்சிலால் குறித்துவிட்டு வாயைத் திறங்கள். சந்தேகமானதற்குக் கேள்விக்குறி போடுங்கள். குறியீடு, விடை இரண்டையும் குறியுங்கள். இரண்டில் ஒன்று தவறானாலும் அந்த மதிப்பெண் கிடைக்காது.

2. வினா எண்ணைச் சொல்லி ஒப்பிடாதீர்கள். ஒரே வினாவைத்தான் பேசுகிறீர்கள் என்பது உறுதியாக, வினாவை வாசித்து ஒப்பிடுங்கள். தமிழ் வழி, ஆங்கில வழி மாணவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் இது இன்னும் அவசியம்.

3. இரண்டு பேரும் எழுதியதை மட்டும் எடுங்கள். 16 முதல் 24 வரை ஆறு, 25 முதல் 33 வரை ஆறு எழுத வேண்டும். 24-ம் 33-ம் கட்டாயம், அவற்றை முதலில் பாருங்கள்.

4. கணக்குகள். இங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள், நிதானமாகப் படியுங்கள். ஓர் உலோகத்தின் பயன்தொடக்க அலைநீளம் 300 நானோமீட்டர், வெளியேற்று ஆற்றல் என்ன என்று கேட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். பிளாங்க் மாறிலியை 6.626 என்று எடுத்தவருக்கு 4.14 எலக்ட்ரான் வோல்ட் வரும். 6.6 என்று எடுத்தவருக்கு 4.125 வரும். 1240-ஐ 300-ஆல் வகுத்துக் குறுக்கு வழியில் போனவருக்கு 4.13. ஜூலில் நிறுத்தியவர் 6.6 × 10⁻¹⁹ என்பார். நாலும் ஒரே விடைதான்! இதற்குப் போய் ஒருவர் முகம் வாடுவதைக் கண்டால் எனக்குப் பொறுக்காது.

ஆகவே கடைசி எண்ணைக் கேட்காதீர்கள். இந்த வரிசையில் கேளுங்கள்: என்ன சூத்திரம் எழுதினாய்? மாறிலிக்கு என்ன மதிப்பு எடுத்தாய்? நானோமீட்டரை மீட்டராக மாற்றினாயா? பத்தின் அடுக்கு என்ன? அலகு போட்டாயா? சூத்திரமும் அடுக்கும் ஒத்துப்போனால் இரண்டாம் தசமத்தை விட்டுவிடுங்கள். அடுக்கு வேறானால் எங்கே பிரிந்தது என்று தேடுங்கள். கடைசி எண் தவறினாலும் அதற்கு முந்தைய படிகளுக்கு மதிப்பெண் உண்டு. ஐந்து மதிப்பெண்ணும் போச்சு என்று கணக்குப் போடாதீர்கள். வரைபடம் கேட்டிருந்தால் இரண்டு அச்சுகளிலும் பெயர் எழுதினீர்களா என்று மட்டும் பாருங்கள்.

5. ஒத்துவராததைப் பெரும்பான்மையால் தீர்க்காதீர்கள். ஆறு பேர் சொன்னார்கள் என்பதால் தவறான விடை சரியாகிவிடாது. 2024 நீட் தேர்வில் அணு பற்றிய ஓர் இயற்பியல் வினாவுக்கு, பழைய பாடப்புத்தகத்தின் வரியை நம்பியவர்களுக்காக இரண்டு விடைகளை ஏற்றார்கள். உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யிடம் கருத்துக் கேட்டது. மூன்று நிபுணர்கள் பார்த்து, ஒரு விடைதான் சரி என்றார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண் மாறியது. ஆகவே பஸ்ஸில் வழக்காட வேண்டாம். வினா எண்ணை வட்டமிட்டு வைத்து, வீட்டுக்குப் போய் இந்த ஆண்டுப் பாடப்புத்தகத்தைத் திறங்கள்.

6. அரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் பேசினால் அடுத்த தேர்வின் நேரத்தைத்தான் தின்கிறீர்கள்.

குறித்த வினாத்தாளைத் தூக்கிப் போடாதீர்கள். தேர்வு முடிவு வந்து மதிப்பெண் குறைவாகத் தோன்றினால் விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம். நகல் கையில் வந்ததும் மறுகூட்டலா மறுமதிப்பீடா என்று முடிவு செய்ய, அன்று நீங்கள் தனியாக உட்கார்ந்து போட்ட பென்சில் குறிகள்தான் உதவும்.