உயர்தரப் பெறுபேறும் பல்கலைக்கழக வாசலும்

க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வெளியாகிச் சில நாட்களில், கொம்பனித்தெருவைச் சேர்ந்த தந்தை ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார். பௌதிகவியலுக்கு சீ; இணைந்த கணிதத்துக்கும் இரசாயனவியலுக்கும் எஸ். "பாதர், இவன் மன்னாரிலே பெரியம்மா வீட்டில் இருந்து படித்தவன் என்று ஒரு கடிதம் தாருங்கள். அடுத்தமுறை அந்த மாவட்டத்தில் எழுதட்டும்" என்றார். பையன் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

கடிதம் கொடுக்கவில்லை. ஏன் என்று அவருக்குச் சொன்னதையே, மற்றப் பெற்றோருக்கும் உதவும் என்றெண்ணி, இங்கு விரித்து எழுதுகிறோம்.

மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் குறைந்தது எஸ் சித்தியும், பொது சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியும் பெற்றவர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் தகுதி வேறு, இடம் கிடைப்பது வேறு. இடத்தைத் தீர்மானிப்பது 2001 முதல் இசட் புள்ளியே. ஒரு பாடத்தில் பிள்ளை பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து, நியமவிலகலால் வகுக்கிறார்கள். உதாரணமாக, இரு பாடங்களிலும் பிள்ளைக்கு 70 புள்ளி, இரண்டிலும் நியமவிலகல் 20 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 40 ஆன பாடத்தில் அவனுக்கு 1.5 வரும், சராசரி 55 ஆன பாடத்தில் 0.75 மட்டுமே. மூன்று பாடங்களினதும் சராசரியே அவனுடைய இசட் புள்ளி. ஆகவே, "அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் இதே சீ தானே!" என்று ஒப்பிடுவது வீண். 55 எடுத்தவனுக்கும் சீ, 64 எடுத்தவனுக்கும் சீ. பார்க்க வேண்டியது தாளிலுள்ள இசட் புள்ளியையும் மாவட்ட நிலையையும், அகில இலங்கை நிலையையும்.

இனி மாவட்டத்துக்கு வருவோம். பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. மன்னார் அப்பதினாறில் ஒன்று, கொழும்பு அன்று. நாட்டின் பேர்பெற்ற பாடசாலைகள் பல இங்கு இருப்பதால் கொழும்பின் வெட்டுப்புள்ளி உயர்ந்தே நிற்கிறது. இதில் ஒரு குறையும் உண்டு. தோட்டத்து ஒற்றையறை வீட்டில், தெருச் சத்தத்தின் நடுவே படிக்கும் கொம்பனித்தெருப் பிள்ளையும், கறுவாத்தோட்டத்துப் பிள்ளையும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே மாவட்டத்தவர். நகரத்துக்குள் இருக்கும் ஏழ்மையை இந்த முறை காண்பதில்லை. அந்தத் தந்தையின் மனத்தாங்கலில் நியாயம் இல்லாமலில்லை.

எங்கள் முதியோர் இதைக் கேட்டதும் தரப்படுத்தலை நினைப்பர். 1971இல் மருத்துவத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 400க்கு 250 புள்ளியும், சிங்களமொழி மாணவர் 229 புள்ளியும் பெறவேண்டியிருந்தது. 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தபோது யாழ்ப்பாணமும் கொழும்பும் இழந்தன. அந்தக் காயம் ஆறவில்லை. ஆனால் இன்றைய இசட் புள்ளி மொழி பார்த்துக் கணிக்கப்படுவதில்லை. அதையும் இதையும் ஒன்றாகக் குழப்பிப் பிள்ளையின் மனதில் கசப்பை ஊட்டுவது நன்றன்று.

பொய்க் கடிதத்தால் என்ன நடக்கும்? மாவட்டத்தை நிர்ணயிப்பது, பிள்ளை பரீட்சைக்கு முன் எங்கே பாடசாலை சென்றான் என்பதே; பங்குத்தந்தையின் கடிதம் அன்று. பொய்ப் பத்திரம் பின்னர் வெளிப்பட்டால் கிடைத்த இடமும் பறிபோகும். வெளிப்படாவிட்டாலோ, மன்னாரில் மீன்பிடிக் குடிசையில் படித்த ஒரு பிள்ளையின் இடம் பறிபோகிறது. "பிறர் பொருளைக் களவு செய்யாதே" என்ற கற்பனை பணத்துக்கு மட்டும் உரியதென்று எந்த ஞானோபதேசத்தில் படித்தோம்?

மீண்டும் எழுதலாமா என்றால், பல்கலைக்கழக அனுமதிக்காக மூன்று தடவை வரை எழுத இடமுண்டு. வெட்டுப்புள்ளிக்கு மிக அருகே நிற்பவன் எழுதட்டும். எதிர்பாராத குறைவெனில் மீள்பரிசீலனைக்கும் விண்ணப்பிக்கலாம். வெகுதூரம் பின்னே நிற்பவனை, ஊருக்கு முன் வெட்கம் என்பதற்காக மூன்று வருடம் ரியூஷனுக்கு அனுப்புவது அவனுக்குச் செய்யும் அநீதி. (கொச்சிக்கடைக்குச் செவ்வாய்தோறும் போவது நல்லதே. ஆனால் அந்தோனியார் இசட் புள்ளி போடுவதில்லை.)

வேறு வாசல்களும் உண்டு. 1954இல் அமலமரித் தியாகிகள் சபையின் பீற்றர் பிள்ளை அடிகளார் பொரளையில் அக்குவைனாஸ் கல்லூரியை ஆரம்பித்தது, பல்கலைக்கழகத்துக்குள் போக முடியாதவர்களையும் நினைத்துத்தான். நாவலையில் 1980 முதல் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. மட்டக்குளியில் உயர் தொழில்நுட்பவியல் நிறுவகம் உயர் தேசிய டிப்ளோமா நடத்துகிறது. தனியார் நிறுவனமெனில், அதன் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் விசாரித்த பின்பே நகையை அடகு வையுங்கள்.

அன்று பையனிடம், "உனக்கு எதில் விருப்பம்?" என்று கேட்டோம். அதுவரை யாரும் கேட்கவில்லை போலும்; தந்தையின் முகத்தைப் பார்த்தான். பிறகு, "மின்சார வேலை" என்றான். மட்டக்குளிக்கு விண்ணப்பிக்க ஒரு நன்னடத்தைக் கடிதம் தேவைப்பட்டது. அதை அங்கேயே எழுதிக் கொடுத்தோம்.