மயில்கழுத்து என்ன நிறம்?

மணிமங்கலத்தில் ஸ்டுடியோ போட்டிருக்கும் தம்பிக்கு,

காஞ்சிப் பட்டுச் சேலைகளை ஆன்லைன் கடைக்காகப் படமெடுக்கும் வேலை வந்திருக்கிறது என்று கேள்வி. நல்ல வேலை, வம்பு பிடித்ததும்கூட. படத்தில் தக்காளிச் சிவப்பாகத் தெரிந்த சேலை, பார்சலைப் பிரித்தால் அரக்காக இருக்கும். திட்டு ஸ்டுடியோவுக்குத்தான்.

போட்டோஷாப்பில் சிவப்பைக் கூட்டிக் குறைக்கும் முன் திரையைச் சரிசெய், அதுவும் கண்ணால் அல்ல, கருவியால். ஏன் என்று ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் வேலை பார்ப்பவர் யாரையாவது கேட்டுப் பார். இரும்புக் கதவுக்கும் பிளாஸ்டிக் பம்பருக்கும் தனித்தனியாகத்தான் பெயின்ட் அடிக்கிறார்கள். மெட்டாலிக் நிறம் இரண்டிலும் பொருந்துகிறதா என்பதைப் பல கோணங்களில் கருவி வைத்து அளப்பார்கள். கண்ணை நம்ப முடியாது. நீலம் பாய்ந்த திரையைச் சற்று நேரம் பார்த்தாலே அதுதான் வெள்ளை என்று கண் ஒப்புக்கொண்டுவிடும்.

திரைக்கான கருவி கலரிமீட்டர். அரைமணி நேரம் ஓடிச் சூடான திரையில் அதை ஒட்டவை. நைட் லைட், ஆட்டோ பிரைட்னஸ் இரண்டையும் அணைத்துவிடு. டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருள் போதும். வெள்ளை டி65, காமா 2.2, வெளிச்சம் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா என்று வைத்துத் தொடங்கலாம். இது காலிபரேஷன்.

அடுத்தது புரொஃபைல். இதைத்தான் பலர் மருந்து என்று நினைக்கிறார்கள். அது எதையும் குணப்படுத்தாது. எந்த எண்ணுக்கு இந்தத் திரை எந்த நிறத்தைக் காட்டுகிறது என்ற பதிவு மட்டுமே. போட்டோஷாப் அதைப் படித்து எண்களை மாற்றி அனுப்பும். படிக்கத் தெரியாத மென்பொருளில் அதே படம் வேறாகத் தெரிந்தால் பதறாதே.

லேப்டாப் விவரத்தில் 45% என்டிஎஸ்சி என்று போட்டிருந்தால், எஸ்ஆர்ஜிபி என்ற பொது நிற அளவுகோலின் நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதில் வரவே வராது. கருவிக்கு முன்னால் நல்ல மானிட்டருக்குச் செலவழி. முடித்த படத்தையும் எஸ்ஆர்ஜிபியிலேயே கொடு: எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் முன்வைத்த அந்த அளவுகோலைத்தான் பெரும்பாலான போன்கள் எதிர்பார்க்கின்றன. வாங்குபவர் தன் போனில் விவிட் மோட் போட்டிருந்தால் அதற்கு நீ பொறுப்பில்லை.

மயில்கழுத்துக்கு வந்தால் கருவியும் கைவிரிக்கும். பாவில் ஒரு நிறம், ஊடையில் வேறொன்று; மடிப்பு திரும்பினால் பச்சை நீலமாகும். அதற்கு ஒற்றை எண் கிடையாது. விரித்து ஒன்று, மடித்து ஒன்று என இரண்டு படமாவது கொடு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் எம்.எஸ். புளூவோ கடைக்குக் கடை வேறாக இருக்கிறது. பெயரைக் கேட்டு நிறத்தை ஊகிக்காமல், அதே சாயத்தில் தோய்த்த பட்டு நூல் கொஞ்சம் கேட்டு வாங்கி, பகல் வெளிச்சத்தில் திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே படத்தை அனுப்பு.