எல்லைக்கல் கூறும் வரலாறு

ஊர் வரலாறு என்பது எளிய மக்களின் மன வரலாறுமாகும். இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைப்பகுதியிலுள்ள ‘ஈம்’ என்னும் சிற்றூர் இதற்குச் சான்றாகும்.

உழவும் ஈயச் சுரங்கத் தொழிலும் இவ்வூராரின் வாழ்வாதாரங்களாக விளங்கின. 1665இல் இலண்டனிலிருந்து தையற்காரர் ஒருவருக்கு வந்த துணிப்பொதியுடன் பிளேக் நோயும் வந்ததென ஊர்வழக்கு கூறும். அவ்வாண்டு செப்டம்பரில் முதல் உயிர் பிரிந்தது. குளிர்காலத்தில் தணிந்த நோய் 1666 கோடையில் மீண்டும் சீறியது.

அப்போது திருச்சபைக் குருவான வில்லியம் மாம்பசனும், அவருக்கு முன் அப்பணியிலிருந்த தாமஸ் ஸ்டான்லியும் வேற்றுமை மறந்து ஒன்றுபட்டு, எல்லை தாண்டாதிருக்க ஊராரை இணங்குவித்தனர். அயலார் எல்லையில் உணவு வைத்தனர். அதற்கான காசு எல்லைக்கல்லின் குழிகளில் காடியில் இடப்பட்டது. வழிபாடு திறந்தவெளிக்கு மாறியது. இறந்தோரை உறவினரே புதைத்தனர். எலிசபெத் ஹான்காக் என்னும் பெண்மணி எட்டு நாள்களில் கணவரையும் ஆறு மக்களையும் அடக்கம் செய்தார். மாம்பசனின் மனைவி கேத்தரினும் மாண்டார். நவம்பரில் நோய் ஓய்ந்தபோது இறந்தோர் ஏறத்தாழ 260 பேர்.

தங்கியவர் அனைவரும் மனமுவந்தே தங்கினர் என நாம் கூறுவதற்கில்லை. மாம்பசன் தம் குழந்தைகளை முன்னரே வெளியூருக்கு அனுப்பியிருந்தார். வசதியுள்ள சிலரும் வெளியேறினர். போக்கிடமற்ற ஏழையரே பெரும்பாரத்தைச் சுமந்தனர். ஆயினும் நோய் அண்டை ஊர்களில் பரவாது நின்றது.

2020இல் ஊரடங்கைக் கண்ட நமக்கு அவ்வெல்லைக்கல்லின் பொருள் நன்கு விளங்கும். பிறர் உயிர் காக்கத் தம்மை அடைத்துக்கொண்ட அவ்வெளியோரை, ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதி ஞாயிறன்று அவ்வூர் நன்றியுடன் நினைவுகூர்கிறது.