பட்டியலா, பணமா?

கேள்வி: குடியுரிமைச் சான்று காட்டுபவருக்கே ஓட்டு என்று அரசியலமைப்பில் எழுதிவிட்டால் தேர்தல் சுத்தமாகிவிடாதா?
– வாசகர், செல்லூர், மதுரை.

பதில்: குடிமக்களுக்கே ஓட்டு என்று அரசியலமைப்பின் 326-வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. விதிக்குக் குறைவில்லை, தேர்தலைக் கெடுப்பது எது என்று பாருங்கள். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே.நகர், 2019-இல் வேலூர் என்று தமிழ்நாட்டில் நிறுத்தப்பட்ட தேர்தல்கள் எல்லாம் பணப் பட்டுவாடாவால் நின்றவை. அந்நியர் ஓட்டுப் போட்டார்கள் என்று அவற்றில் ஒன்றுகூட நிற்கவில்லை. 2009 இடைத்தேர்தலுக்குப் பிறகு உங்கள் பக்கத்துத் திருமங்கலத்தின் பெயரே ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் பழக்கத்துக்கு அடையாளமாகிப்போனது பெரிய வேதனை.

செத்தவர் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் கள்ள ஓட்டு விழாதா என்பீர்கள். விழலாம், நீக்கத்தான் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டின் 2025 டிசம்பர் வரைவு வாக்காளர் பட்டியலில் விடுபட்ட சுமார் 97 லட்சம் பெயர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 27 லட்சம்தான். பெரும்பாலோர் இடம் மாறியவர்கள், முகவரியில் இல்லாதவர்கள் என்று குறிக்கப்பட்டவர்கள். வாடகை கூடினால் அடுத்த தெருவுக்குக் குடிபோகும் தொழிலாளியின் வீடு, பட்டியலைச் சரிபார்க்க அலுவலர் வரும்போது பூட்டித்தான் கிடக்கும். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பெயர் சேர்க்கும் படிவம் 6-உடன் அலைய வேண்டியவரும் அவர்தான். அரசியலமைப்பில் புதிதாக எழுதுவதென்றால், நேரில் விசாரிக்காமல் எந்தப் பெயரையும் நீக்கக் கூடாது என்றும், ஓட்டுக்குப் பணம் கொடுத்த வழக்குகளை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள்.